ஒரு டன் கண்ணாடியும் ஒரு மில்லிமீட்டர் சிலிக்கானும்

எக்ஸ் கதிரை ஆடியின் மேல் நேராக விழவிட்டால் அது திரும்பாது. உள்ளே புகுந்து காணாமல் போகும். ஒரு டிகிரி சாய்வில் உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். அதனால் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடி தட்டு அல்ல, லேசாகக் குறுகும் குழாய். உட்சுவர்தான் பளபளக்கும். கூடுதல் கதிர் வேண்டுமானால் குழாய்க்குள் குழாயாகச் செருக வேண்டும்.

நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் விண்ணேறிய சந்திரா தொலைநோக்கியில் இப்படி நான்கு ஜோடிக் கண்ணாடிக் குழாய்கள். சுவர் சுமார் 2 செ.மீ. தடிமன், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன். இத்தனைக்கும் அது கதிர் வாங்கும் பரப்பு, நீங்கள் விரித்து வைத்திருக்கும் இந்த இதழின் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. ஆனால் பார்வைக் கூர்மையில் இன்றுவரை அதை மிஞ்ச எதுவும் வரவில்லை.

சுவரை மெலிதாக்கி நிறையச் செருகலாமே? செருகினார்கள். அதே ஆண்டு ஐரோப்பா அனுப்பிய எக்ஸ்எம்எம்-நியூட்டனின் ஒவ்வொரு தொலைநோக்கியிலும் 58 நிக்கல் குழாய்கள். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நமது ஆஸ்ட்ரோசாட்டில் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகள் 40 அடுக்கு. எடை குறைந்தது, கூடவே கூர்மையும் குறைந்தது. மெல்லிய தகடு சொன்ன வடிவில் நிற்பதில்லை.

நாசாவின் கோடார்டு மையத்தில் வில்லியம் ஜாங் குழுவினர் பொருளையே மாற்றிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சில்லு செய்யும் அதே ஒற்றைப் படிகச் சிலிக்கான். கண்ணாடிக்குள் ஓர் இறுக்கம் உறைந்திருக்கும். மெலிதாக அறுத்தால் அது விடுபட்டு முறுக்கிக்கொள்ளும். ஒரே சீராக அணுக்கள் அடுக்கிய படிகத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் முழுக் கட்டியில் வளைவைக் கடைகிறார்கள். பிறகு அந்த மேற்பகுதியை மட்டும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். ரம்பம் பட்ட தோல் மட்டும் சிதைந்திருக்கும். அமிலத்தில் போட்டால் அது கரைந்துவிடும், தகடு பழைய வடிவுக்கு வந்துவிடும். அப்புறம் மெருகு, மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தை அயனிக் கற்றை சீவித் தள்ளுகிறது. கடைசியில் இரிடியம் பூச்சு. அந்தப் பூச்சும் தகட்டை இழுத்து வளைக்கப் பார்க்கும் என்பதால், முதுகில் எதிர்ப்பக்கம் இழுக்க இன்னொரு படலம்! என் பார்வையில் மெருகைவிட இந்தச் சமாதானப் பேச்சில்தான் வித்தையே இருக்கிறது.

இந்த ஆடிகளை நம்பித் திட்டமிடப்பட்டதுதான் ஆக்சிஸ் தொலைநோக்கி. 2024 அக்டோபரில் விரிவான ஆய்வுக்கு நாசா தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் அதுவும் ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் ராக்கெட்.