ஹம் லோக்: கறுப்பு வெள்ளைப் பெட்டியில் முதல் நெடுந்தொடர்

ஹம் லோக், இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடர். தூர்தர்ஷனில் 7 ஜூலை 1984 முதல் 17 டிசம்பர் 1985 வரை ஒளிபரப்பானது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். மெக்சிகோ தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு, குடும்பக் கட்டுப்பாடு, பெண்கள் நிலை, குடிப்பழக்கம் ஆகியவற்றை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதையாகச் சொன்னது. பகுதியின் முடிவில் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளர்களிடம் பேசுவார். அமெரிக்காவில் இத்தகைய தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்தன. ஹம் லோக்கிற்கோ விளம்பரதாரர் மேகி நூடுல்ஸ்.

வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்துவிட்டாலும், பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்தன. சோழமண்டலக் கரையில், உயரமான ஆன்டெனா கட்டியவர்கள் அதே 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியையும் பார்த்தனர்.