லாக் சொல்லும் சேதி - 7: பத்து இலக்கத்தில் ஒரு தேதி

சர்வர்கள் எழுதிவைக்கும் லாக்கைச் சென்ற வாரம் திறந்து பார்த்தோம். ஸ்குவிட் ப்ராக்ஸியின் லாக்கில் ஒவ்வொரு வரியும் 1700000000.123 என்கிற மாதிரி ஓர் எண்ணோடு தொடங்கும். பார்த்தால் வங்கிக் கணக்கு எண் போல இருக்கும் இது, உண்மையில் நேரம். 1970 ஜனவரி 1, யுடிசி நேரப்படி நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகளின் கணக்கு. யூனிக்ஸை உருவாக்கியவர்கள் முதலில் விநாடியை அறுபது கூறாக்கி எண்ணினார்கள். 32 பிட்டுக்குள் அந்தக் கணக்கு இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது. அதனால் முழு விநாடிக்கு மாறினார்கள்.

இந்த எண்ணைத் தேதியாக்க, லாக்கைத் தேடித்தரும் ஸ்பிளங்க் மென்பொருளில் ஸ்ட்ரெஃப்டைம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. 1700000000-ஐக் கொடுத்தால், 2023 நவம்பர் 15, அதிகாலை 3:43:20 என்று நம்மூர் நேரத்தில் சொல்லிவிடும். புதிதாகக் கற்பவர்கள் தேடலின் முதல் வரியிலேயே இதைப் போட்டுவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம். தேதியான மறுகணமே அது வெறும் எழுத்துச்சரம். நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதி வரிசைப்படுத்தினால், மார்ச் 2 போய் பிப்ரவரி 10-க்கு முன்னால் நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இடைவெளி பார்க்கவும் வழியில்லை. கணக்கெல்லாம் எண்ணிலேயே முடியட்டும், தேதி கடைசி வரியில் வந்தால் போதும் என்பது என் கட்சி. ஸ்பிளங்க்கின் ஃபீல்டுஃபார்மேட் கட்டளை இதற்கென்றே இருக்கிறது. உள்ளே எண் அப்படியே இருக்க, திரையில் மட்டும் தேதி தெரியும்.

இலக்கங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய தேதிகளுக்குப் பத்து இலக்கம் என்றால் விநாடி, பதின்மூன்று என்றால் மில்லிவிநாடி. ஜாவாவும் எலாஸ்டிக்சர்ச்சும் மில்லிவிநாடிக் கட்சி. மேலே சொன்ன 1700000000-ஐ மில்லிவிநாடி என்று படித்தால், 2023-க்குப் பதிலாக 1970 ஜனவரி 20 வந்து நிற்கும்.

மென்பொருளே சறுக்கிய கதையும் உண்டு. லாக்கில் எது நேரம் என்று கண்டுபிடிக்க ஸ்பிளங்க் வைத்திருந்த பாட்டர்ன் கோப்பு, 16-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணை நேரமாக ஏற்காது. எழுதியவர்களுக்கு 2020 அவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்க வேண்டும்! எண் 1600000000-ஐத் தொட்டது 2020 செப்டம்பர் 13, நமக்கு மாலை 5:56:40. நிறுவனம் 2019 இறுதியிலேயே எச்சரித்துத் திருத்தம் வெளியிட்டது. திருத்தாத சர்வரில் தப்பான நேரத்தோடு உள்ளே போன பதிவை அங்கேயே சரிசெய்ய முடியாது, மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, நம்மூர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். எண்ணுக்கு ஊர் கிடையாது. நாள்வாரிக் கணக்குக்காக 86400-ஆல் வகுத்தால், அந்த நாள் நமக்குக் காலை ஐந்தரைக்குத்தான் பிறக்கும். இரவு 2 மணிக்கு ஓடிய பேக்கப்பில் வந்த பிழை முந்தைய நாள் தலையில் விழும். வகுப்பதற்கு முன் 19800-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரத்துக்கு அத்தனை விநாடி.