உப்புநீர்த் தொட்டியில் பாசி

மாலையில் நான் வேலை பார்க்கும் வண்ணமீன் கடைக்காரர் வீட்டில், கடல்மீன் தொட்டி பச்சையாகிவிட்டது. தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினேன். பாசி போச்சு, கூடவே நத்தையும் இறாலும் செத்துப்போச்சு. முதலாளி திட்டவில்லை; எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் விஷம் என்று பிறகுதான் தெரிந்தது.

மிஞ்சிய தீனியும் மீன்கழிவும் அழுகினால் நைட்ரேட், பாஸ்பேட் சேரும். அதுதான் பாசிக்கு உரம். குழாய்த் தண்ணீரிலும் இவை வரலாம். ஆகவே தீனியைக் குறையுங்கள். விளக்கு தினம் 8 மணி நேரம் போதும். பாசியைச் சுரண்டி எடுத்து, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பு கலக்கவும். சமையல் உப்பு ஆகாது.

ஃபியூஸ் போனால் காரணம் பார்க்காமல் புதுசு போடுவோமா? பாசியும் அப்படித்தான்!