கவ்வாத்து மலையும் கருப்பையும்

அம்பிட்டியப் பக்கத்து லயங்களுக்குப் போகும்போது தாய்மார் எங்களிடம் தணிந்த குரலில் கேட்பதுண்டு: "மாசாமாசம் போறது கெட்ட ரத்தந்தானே மிஸ்?" இல்லை. உடம்பில் ஓடும் அதே நல்ல இரத்தந்தான். அதோடு கருப்பையின் உள் மெத்தையும் உரிந்து வருகிறது.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒன்றுமிருக்காது; அடித்தண்டும் வேரும் நிற்கும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். கருப்பை மெத்தையும் அப்படித்தான். மேற்படை விழுந்தாலும் அடிப்படை விழாது. மாதவிடாய் முடிந்ததும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருக்கும். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஓமோன் ஏற ஏற, மிஞ்சிய கலங்கள் பிரிந்து பெருகும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சுரப்பிகள் நேரான சிறு குழாய்களாகத் தெரியும்.

முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்தரோன் வருகிறது, படமே மாறிவிடும். நேராக இருந்த குழாய்கள் நெளிந்து வாளின் பல்லைப் போலாகும். கலங்களில் சர்க்கரைச் சத்து சேரும். நாடிகள் சுருள் சுருளாக நீளும். மெத்தை பத்து மில்லிமீற்றர் அளவுக்குத் தடிக்கும். பிள்ளைக்கு விரித்த பாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரு தங்காவிட்டால் ஓமோன் குறைந்து, சுருள் நாடிகள் இறுகி, இரத்தம் கிடைக்காத மேற்படை உதிர்ந்துவிடும். ஒதுக்கி வைக்க இதில் என்ன இருக்கிறது?

முழு மாதவிடாயிலும் போவது வழக்கமாக 30, 40 மில்லிலீற்றர், அதாவது ஏழெட்டுத் தேக்கரண்டி. 80ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லைதான். மணிக்கொரு துணி மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகளாக விழுந்தால், மலை ஏறும்போது மூச்சு வாங்கினால், "பொம்பளைக்கு இது சகஜம்" என்று இருந்துவிடாமல் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

இன்னொரு சங்கதி. கிரேக்க நாட்டில் பிறந்த வைத்தியர் பப்பனிகோலாவ், 1917இல் கினிப்பன்றியின் பிறப்புவழிக் கலங்கள் நாளுக்கு நாள் மாறுவதை எழுதினார். பிறகு பெண்களிடமும் அதையே பார்க்கப்போய்த்தான் புற்றுநோய்க் கலங்களைக் கண்டார். 1928இல் அதைச் சொன்னார். 'பெப்' பரிசோதனை அப்படி வந்தது. நம் நாட்டில் 1996இல் தொடங்கிய சுவநாரி கிளினிக்குகளில் 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். ஊசியில்லை, வெட்டில்லை. மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இரத்தம் கலந்தால் கலங்கள் சரியாகத் தெரியாது.