பூனைக்காலி விதையும் பார்கின்சன் மாத்திரையும்: சேர்த்து உட்கொள்ளலாமா?

புதுதில்லி: பார்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய்க்குப் பூனைக்காலி விதைப் பொடி நாட்டு மருந்துக் கடைகளிலும் இணையவழியிலும் விற்பனையாகிறது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையுடன் இதையும் உட்கொள்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இரண்டிலும் இருப்பது லெவோடோபா என்ற ஒரே வேதிப்பொருள்தான்.

நடுமூளையில் உள்ள சில நரம்பணுக்கள் டோபமைனைச் சுரக்கின்றன. உடல் அசைவைத் தொடங்கவும் சீராக்கவும் அது தேவை. அந்த அணுக்கள் அழியும்போது கை நடுங்குகிறது, தசை விறைக்கிறது, நடை தளர்கிறது. டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லாது. லெவோடோபா செல்லும், சென்றபின் டோபமைனாக மாறும்.

இதைக் கண்டறிய உதவியதும் ஓர் இந்திய மூலிகையே. சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின், 1950-களில் உயர் இரத்த அழுத்தத்துக்குப் பரவலாக வழங்கப்பட்டது. மூளையின் டோபமைன் இருப்பை அது வற்றச் செய்யும். ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் டோபாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடின. 1957-இல் வெளியான இந்த ஆய்வு லெவோடோபா சிகிச்சைக்கு வழிவகுத்தது. 2000-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆனால், தொட்டாலே அரிப்பெடுக்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1937-லேயே அப்பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். இது அதிகம் பேசப்படுவதில்லை.

விதைப் பொடி பலனளிக்காது என்று கூறிவிட முடியாது. 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 30 கிராம் அளவு கொடுக்கப்பட்டபோது அது வழக்கமான மாத்திரையைவிட விரைவாகச் செயல்பட்டது. எனினும், அதில் பங்கேற்றோர் 8 பேர் மட்டுமே.

சிக்கல் அளவில்தான் உள்ளது. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறுபடும். எனவே ஒரு தேக்கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து உள்ளது என்று கணிப்பது கடினம். மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் உண்டு. லெவோடோபா மூளையை அடையும் முன்பே டோபமைனாக மாறிவிடாமல் அது தடுக்கிறது. பொடியை மட்டும் உட்கொள்ளும்போது அந்தத் தடுப்பு இல்லாததால் குமட்டல் ஏற்படலாம். மாத்திரையும் பொடியும் சேர்ந்து அளவு மிகுந்தால் கட்டுக்கடங்காத உடல் அசைவுகள், இரத்த அழுத்தக் குறைவு, மாயத்தோற்றங்கள் உண்டாகக்கூடும்.

பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. கடும் காய்ச்சலுடன் உடல் முழுவதும் விறைத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏற்கெனவே பொடி உட்கொண்டு வருவோர் அதன் அளவையும் நேரத்தையும் நரம்பியல் மருத்துவரிடம் தெரிவித்தால், மாத்திரையின் அளவை அவர் அதற்கேற்ப மாற்றியமைக்க இயலும்.