ஒரு கேசட், ஒன்பது பாட்டு, நடுவுல கொஞ்சம் பேச்சு

போன தடவை ஊருக்குப் போனப்போ அப்பா பீரோவிலேர்ந்து ஒரு சி-90 கேசட்டை எடுத்துக் குடுத்தார். 1989-ல மாயவரத்துல எங்க வீட்டுக் கூடத்துல அத்தை பாடின கச்சேரி. ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம், மொத்தம் ஒன்றரை மணி நேரம். அத்தை இப்போ இல்லை. "தனித்தனிப் பாட்டாப் பிரிச்சு அனுப்புடா, இங்க கேசட் போட டெக்கே இல்லை"ன்னார். கம்ப்யூட்டர் படிக்கிற பையன், அரை மணியில முடிச்சிடுவான்னு அவருக்கு நம்பிக்கை. எனக்கும்தான் :-)

கிளாஸ்கோ வந்ததும் ஒரு பழைய பொருள் கடையில டெக் ஒண்ணு கிடைச்சது. யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா லேப்டாப்ல மாட்டி, ஆடாசிட்டியில ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். இதுல குறுக்கு வழியே கிடையாது மக்களே. 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் உட்காரணும். 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. நிமிஷத்துக்குப் பத்தரை எம்பி கணக்குல, வேவ் ஃபைல் கிட்டத்தட்ட 950 எம்பி வந்தது.

அடுத்தது பிரிக்கிற வேலை. அனலைஸ் மெனுவுல 'லேபிள் சவுண்ட்ஸ்'னு ஒண்ணு இருக்கு. சத்தம் எத்தனை டெசிபலுக்குக் கீழ போனா நிசப்தம்னு சொல்லிட்டா, அதுவே பாட்டு பாட்டா அடையாளம் போட்டுடும். ஸ்டூடியோ ஆல்பத்துக்கு இது ஜோரா வேலை செய்யும். நம்ம கச்சேரிக்கு? முதல் தடவை 45 நிமிஷத்துக்கு மூணே மூணு லேபிள். பின்னாடி தம்பூரா நிக்கவே இல்லையே, நிசப்தம் எங்கேர்ந்து வரும்? சரின்னு அளவை ஏத்தினேன். அறுபத்து மூணு லேபிள்! ஆலாபனையில அத்தை மூச்சு விட்ட இடமெல்லாம் புதுப் பாட்டாம்.

ஆக, காதை நம்பிக் கையாலதான் பிரிக்கணும். எங்க வெட்டறதுங்கறதுக்குக் கொஞ்சம் கச்சேரி ஞானமும் வேணும். ஆலாபனை அதுக்கப்புறம் வர்ற கிருதியோட சேர்ந்தது. நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாமும் அந்தப் பாட்டோட குடும்பம்தான். கைத்தட்டல் வந்தா பாட்டு முடிஞ்சதுன்னும் நினைக்கக் கூடாது, தனி முடிஞ்சு கைத்தட்டினப்புறம் பல்லவியை எடுத்துத்தானே முடிப்பாங்க!

ஓட விட்டுக் கேட்டுக்கிட்டே கன்ட்ரோல்-எம் அடிச்சா அந்த இடத்துல லேபிள் விழும். கர்சரை வெச்சுட்டு இசட் அடிச்சா, பக்கத்துல அலை பூஜ்ஜியத்தைக் கடக்கற இடத்துக்கு அது நகரும். அங்க வெட்டினா ஆரம்பத்துல 'டிக்'னு சத்தம் வராது. லேபிள்ல எழுதற பேரே ஃபைலுக்கும் பேராயிடும். '02 வாதாபி கணபதிம் - ஹம்சத்வனி' மாதிரி எழுதிட்டா பின்னாடி வேலை மிச்சம்.

நானோ அதிபுத்திசாலி. பாட்டு ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து முடியற இடம் வரைக்கும் செலக்ட் பண்ணி, கன்ட்ரோல்-பி போட்டு, ஒன்பது லேபிள் வெச்சேன். நடுவுல இருந்த இருமல், சுருதி சேர்க்கிறது, பாத்திரச் சத்தம் எல்லாம் வேஸ்ட்டுன்னு விட்டாச்சு. எக்ஸ்போர்ட் பெட்டியில மல்டிபிள் ஃபைல்ஸ், லேபிள்படி பிரி. ஒன்பது ஃபைலும் பளபளன்னு வந்தது. அனுப்பிட்டு, லேப்டாப்ல இடம் இல்லையேன்னு அந்தப் பெரிய வேவ் ஃபைலை டெலிட் பண்ணவும் கை போச்சு. தூக்கம் வரவே அப்படியே விட்டுட்டேன்.

மறுநாள் ராத்திரி இங்க பன்னிரண்டு மணி, அங்க காலை அஞ்சரை. அப்பா போன். "நல்லா இருக்குடா... ஆனா பாட்டி குரலைக் காணோமே?"

"எந்தப் பாட்டி குரல்ப்பா?"

"மூணாவது பாட்டு முடிஞ்சதும் 'தண்ணி குடிச்சுட்டுப் பாடும்மா'ன்னு சொல்லுவாங்களே. அவங்க குரல் அது ஒண்ணுதான்டா இருக்கு."

நான் பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க பாட்டி. எனக்கு அவங்க ஒரு மாலை போட்ட போட்டோ, அவ்வளவுதான். போனை வெச்சுட்டு வேவ் ஃபைலைத் திறந்து தேடினேன். கிடைச்சது. நாலே வினாடி. நான் பாத்திரச் சத்தம்னு நினைச்சது அவங்க கொண்டு வந்த சொம்பு.

கோளாறு எங்கன்னா, ஆரம்பமும் முடிவும் உள்ள லேபிள் போட்டா அதுக்குள்ள இருக்கறது மட்டும்தான் ஃபைலாகும், இடையில உள்ளது காணாமப் போகும். வெறும் புள்ளி லேபிள் போட்டா, அந்தப் புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளி வரைக்கும் எல்லாமே வரும். முதல் லேபிளை 0-விலயே வெச்சுட்டா ஒரு வினாடி கூட விட்டுப் போகாது. எல்லாத்தையும் புள்ளியா மாத்தினேன். பேச்சுக்கும் தனி லேபிள்.

இரைச்சலை எடுக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன்லயும் இதே ஆபத்துதான். மாதிரிக்குக் காட்டற துண்டுல தம்பூரா இருந்தா, அதையும் இரைச்சல்னு நினைச்சு கச்சேரி முழுக்கத் தம்பூராவை அரிச்சிடும். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற வெறும் டேப் இரைச்சலைத்தான் காட்டணும். நான் காட்டவே இல்லை, இரைச்சலும் இருந்துட்டுப் போகட்டும். ஃபைலை எம்பி3-யா மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி துளி நிசப்தம் சேர்ந்து, தொடர்ந்து ஓட விடறப்போ தம்பூரா விக்கும். அதனால ஃப்ளாக். வேவ்ல இருந்தது எதுவும் குறையாது, இடமும் கம்மி.

இப்போ அப்பாகிட்ட பதினாலு ஃபைல் இருக்கு. ஒன்பது பாட்டு, அஞ்சு பேச்சு. அம்மா சொல்றாங்க, அவர் தினம் காலையில போடறது '04 பாட்டி - தண்ணி' தானாம்.

உங்க வீட்டு பீரோவிலயும் இப்படி ஒரு கேசட் கிடக்கும். பிரிச்சுடுங்க. ஆனா பிரிச்சப்புறம் அந்த முழு ஃபைலை மட்டும் டெலிட் பண்ணாதீங்க சாமிகளா!