கணவர் கையில் காமிரா! மனைவி கையில் துப்பாக்கி!
கலியாணமான கையோடு உலகம் சுற்றப் புறப்பட்ட தம்பதிகளின் கதை

கலியாணம் ஆனதும் புதுமணத் தம்பதிகள் என்ன செய்வார்கள்? உறவினர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவார்கள். பிறகு தனிக்குடித்தனம் வைப்பார்கள். பாத்திரம் பண்டம் வாங்குவார்கள். கட்டில், பீரோ வாங்குவார்கள்.

ஆனால் இந்தத் தம்பதிகள் செய்தது நேர்மாறான காரியம். வீட்டில் இருந்த மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் விற்றார்கள். அந்தப் பணத்துடன் ஊரைவிட்டே கிளம்பினார்கள். அப்புறம் 26 ஆண்டுகள் அவர்கள் ஓரிடத்தில் நிலையாக உட்காரவே இல்லை.

கணவர் பெயர் மார்ட்டின் ஜான்சன். மனைவி பெயர் ஓஸா. இருவரும் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் வளர்ந்தவர்கள். காட்டு மிருகங்களைச் சினிமாப் படமாக எடுத்து உலகத்துக்குக் காட்டிய முன்னோடிகளில் இவர்களும் சேர்ந்தவர்கள்.

நகைக்கடைக்காரர் மகன்

மார்ட்டின் 1884-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை நகைக்கடை வைத்திருந்தார். கடையில் போட்டோ சாமான்களும் விற்பனைக்கு வந்தன. சிறு வயதிலேயே மார்ட்டினுக்குக் காமிராமீது மோகம் பிறந்துவிட்டது. ஊர் ஊராகப் போய்ச் சில காசுகளுக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்கும் தொழிலையும் செய்து பார்த்தார்.

அப்போது ஒரு செய்தி அவர் காதுக்கு எட்டியது. ஜாக் லண்டன் என்ற பிரபல எழுத்தாளர் சிறிய பாய்மரக் கப்பல் ஒன்றில் உலகம் சுற்றப் போகிறார், அவருக்கு உதவி ஆள் தேவை என்பதே அந்தச் செய்தி. மார்ட்டின் உடனே கடிதம் எழுதினார். சமைக்கத் தெரியுமா என்று ஜாக் லண்டன் தந்தி அடித்துக் கேட்டார். மார்ட்டினுக்குச் சமையல் தெரியாது. ஆனாலும் என்னைச் சோதித்துப் பாருங்கள் என்ற பொருளில் பதில் அடித்தார். வேலை கிடைத்துவிட்டது!

அந்தக் கப்பலின் பெயர் 'ஸ்னார்க்'. 1907-ம் ஆண்டு அது ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. ஹவாய்த் தீவுகள், தென்கடல் தீவுகள் எல்லாம் சென்றது. வழியில் ஜாக் லண்டனுக்கு உடல்நலம் கெட்டது. உலகம் சுற்றும் திட்டம் பாதியில் நின்றது. ஆனால் மார்ட்டின் கைநிறையப் படங்களோடு ஊர் திரும்பினார். படக்கொட்டகை வைத்து, அந்தப் படங்களை மக்களுக்குக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

பதினாறு வயது மணப்பெண்

ஓஸா, ஷனூட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். தந்தை ரெயில்வே ஊழியர். ஓஸா நன்றாகப் பாடுவார். ஊரைவிட்டு அதிக தூரம் போனதே கிடையாது.

1910-ம் ஆண்டு மே மாதம் அவருக்கும் மார்ட்டினுக்கும் திடீரென்று திருமணம் நடந்தது. பெற்றோருக்குச் சொல்லாமலே நடந்த திருமணம்! பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளைக்கு 25. பெண்ணின் தந்தைக்கு முதலில் கோபம் பொங்கியது. பிறகு ஒருவாறு சமாதானம் ஆனார்.

ஓஸாவுக்கு இருந்த ஆசை எல்லாம் ஒன்றுதான். அழகான ஒரு வீடு வேண்டும், அதில் அடுப்பும் தோட்டமும் வேண்டும். தானே பின்னாளில் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் மார்ட்டினுக்கோ கடலும் காடும் கண்முன் ஆடிக்கொண்டே இருந்தன. மீண்டும் தென்கடலுக்குப் போகவேண்டும் என்றார். பணம்? வீட்டுச் சாமான்களை விற்கலாம் என்றார்!

ஓஸா தயங்கினார். பிறகு சம்மதித்தார். அன்று முதல் கணவரின் பயணம் அவருடைய பயணமும் ஆயிற்று.

சாமான்களை விற்ற பணம் போதவில்லை. தம்பதிகள் ஊர் ஊராக நாடக மேடைகளில் தோன்றினார்கள். மார்ட்டின் படங்களைக் காட்டிப் பேசினார். ஓஸா ஹவாய் உடை உடுத்திப் பாடினார், ஆடினார். இப்படி ஏழு ஆண்டுகள் கழிந்தன. ஏழு ஆண்டுகளும் மிச்சம் பிடித்த பிறகே கப்பல் ஏற முடிந்தது!

கையைப் பிடித்த தலைவன்

1917-ல் அவர்கள் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளை அடைந்தார்கள். இன்று வனுவாட்டு என்ற பெயரில் தனி நாடாக இருப்பவை அந்தத் தீவுகள்தான். அங்கே மலேகுலா என்ற தீவின் மலைகளில் 'பெரிய நம்பாஸ்' என்ற இனத்தார் வாழ்ந்தார்கள். அவர்கள் மனிதரைத் தின்பவர்கள் என்று வெளியார் பயந்தார்கள். போகவேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள்.

தம்பதிகள் சில சுமைகூலிகளுடன் மலை ஏறினார்கள். அந்த இனத்தாரின் தலைவர் நாகபாட்டே எதிரே வந்தார். மார்ட்டின் காமிராவின் கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தார். தலைவர் ஓஸாவின் கையைப் பிடித்தார். தோலைத் தேய்த்துப் பார்த்தார். தலைமயிரை இழுத்துப் பார்த்தார். வெள்ளை நிறம் சாயம்தானோ என்ற சந்தேகம்போலும்! ஓஸா நடுநடுங்கி நின்றார்.

அவர்கள் திரும்ப முயன்றபோது வழி மறிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் கீழே கடலில் ஒரு பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் தெரிந்தது. அதைக் கண்டதும் தலைவர் பிடியை விட்டார். தம்பதிகள் காட்டுப் பாதையில் விழுந்தடித்து ஓடிக் கடற்கரையை அடைந்தார்கள். படமும் தப்பியது!

அந்தப் படம் 1918-ல் அமெரிக்காவில் ஓடி, நல்ல பெயர் வாங்கியது. பயந்து ஓடி வந்தவர்கள் அத்துடன் விட்டார்களா? இல்லை. 1919-ல் மறுபடியும் அதே தீவுக்குப் போனார்கள். கடற்கரையில் திரை கட்டி, அந்தப் படத்தை அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தங்கள் முகம் திரையில் அசைவதைக் கண்டு அவர்கள் அடைந்த வியப்பு கொஞ்சமல்ல. இடையில் இறந்துபோன ஒருவர் திரையில் உயிரோடு தோன்றியதும் ஒரே கூச்சல் எழுந்தது என்று மார்ட்டின் எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு போர்னியோ தீவுக்குப் போனார்கள். கினபாத்தாங்கன் ஆற்றில் படகில் சென்று காட்டு மிருகங்களைப் படம் பிடித்தார்கள்.

சொர்க்க ஏரி

கார்ல் ஏக்லி என்ற அறிஞர் அவர்களுக்கு நல்ல ஆலோசனை சொன்னார். அவர் நியூயார்க் இயற்கைப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தவர். மிருகங்களைப் படம் எடுப்பதற்கென்றே தனி வகைக் காமிராவைக் கண்டுபிடித்தவர். ஆப்பிரிக்காவில் மிருகங்கள் வேகமாக அழிகின்றன, அழிவதற்குள் படம் எடுத்து வையுங்கள் என்பது அவருடைய கருத்து.

1921-ல் தம்பதிகள் ஆப்பிரிக்கா சென்றார்கள். கெனியா நாட்டின் வடக்கே, நைரோபியிலிருந்து முன்னூறு மைலுக்கு அப்பால், மார்ஸபிட் என்ற மலை இருக்கிறது. சுற்றிலும் வறண்ட பூமி. மலைமேல் மட்டும் அடர்ந்த காடு. காட்டின் நடுவே, அவிந்த எரிமலையின் வாயில் ஓர் ஏரி. யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கே நீர் குடிக்க வரும். போகுலி என்ற ஆப்பிரிக்க வழிகாட்டி அவர்களுக்குத் துணை நின்றார். யானையின் அடிச்சுவட்டைப் படிப்பதில் அவர் மன்னர். அந்த ஏரிக்குத் தம்பதிகள் 'சொர்க்க ஏரி' என்று பெயர் வைத்தார்கள்.

1924-ல் மீண்டும் அங்கே போய்க் குடியேறினார்கள். கோடாக் கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் பண உதவி செய்தார். 1926-ல் அவரே ஆப்பிரிக்கா வந்து அவர்களுடன் தங்கினார்.

ஏரிக்கரையில் குடிசைகள் எழுந்தன. ஓஸா ஆசைப்பட்ட வீடு இப்போது கிடைத்தது. ஆனால் எங்கே? யானைக் காட்டில்! ஓஸா காய்கறித் தோட்டம் போட்டார். ரொட்டி சுட்டார். துணி தைத்தார். இரவில் யானைகள் வந்து தோட்டத்தில் மேய்ந்துவிட்டுப் போகும். மறுபடியும் விதை போடுவார்.

படம் எடுத்த விதம்

அந்தக் காலத்தில் சினிமா எடுப்பது இன்றுபோல் எளிதல்ல. காமிராவின் கைப்பிடியைக் கையால் சுழற்ற வேண்டும். வினாடிக்கு இரண்டு சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சிங்கம் பாய்ந்து வந்தாலும் சுற்று மாறக்கூடாது!

அப்படியானால் உயிருக்குப் பாதுகாப்பு? அது ஓஸாவின் பொறுப்பு. மார்ட்டினின் கண் காமிராவில் இருக்கும். ஓஸாவின் கண் மிருகத்தின்மீது இருக்கும். துப்பாக்கி தயாராக இருக்கும். மிருகம் மிக அருகில் பாய்ந்து வந்தால்தான் சுடுவார். அவசரப்பட்டுச் சுட்டால் படம் கெடும். தாமதித்தால் கணவர் உயிர் போகும். அந்த ஒரு நொடியை அறிந்து சுடும் நிதானம் ஓஸாவிடம் இருந்தது. மேடையில் பாடிய பெண் குறி தவறாமல் சுடும் வீராங்கனை ஆனார்.

இரவுப் படங்களுக்கு வேறு தந்திரம். இரை ஒன்றைப் போட்டு, அதன் அருகே காமிராவை வைப்பார்கள். வெளிச்ச மருந்தையும் வைத்து, கம்பி ஒன்றை இணைப்பார்கள். சிங்கம் வந்து இரையை இழுத்தால் கம்பி இழுபடும். பளீர் என்று வெளிச்சம் எழும். சிங்கம் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்!

எடுத்த படத்தைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். வெயிலிலும் ஈரத்திலும் பிலிம் கெட்டுவிடும். ஆகவே காட்டிலேயே இருட்டறை கட்டி, தண்ணீரை வடிகட்டி, அங்கேயே பிலிமைக் கழுவினார் மார்ட்டின்.

இப்படி உழைத்து எடுத்த 'ஸிம்பா' என்ற படம் 1928-ல் வெளிவந்தது. ஸிம்பா என்றால் ஸ்வாஹிலி மொழியில் சிங்கம்.

வானத்தில் ஒரு வரிக்குதிரை

பிறகு ஓர் ஆசை பிறந்தது. காட்டை வானத்திலிருந்து படம் பிடித்தால் என்ன? தம்பதிகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய இரண்டு விமானங்களை வாங்கினார்கள். ஒன்றுக்கு வரிக்குதிரைபோல் கோடு போட்டார்கள். மற்றதற்கு ஒட்டைச்சிவிங்கிபோல் புள்ளி வைத்தார்கள்.

1933, 1934 ஆகிய ஆண்டுகளில் அவை ஆப்பிரிக்க வானில் பறந்தன. கெனியா மலையையும் கிளிமாஞ்சாரோ மலையையும் வானிலிருந்து படம் பிடித்தார்கள். மந்தை மந்தையாக ஓடும் மிருகங்களை மேலிருந்து காட்டியபோது படக்கொட்டகைகளில் மக்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

மறுபக்கம்

இவர்கள் செய்தது எல்லாம் நல்லதுதானா? இன்று அவர்கள் படங்களைப் பார்க்கிறவர்கள் சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். 1932-ல் வந்த 'காங்கோரிலா' படத்தில், காங்கோ காட்டில் வாழும் குள்ளமான மக்களுக்குச் சுருட்டுக் கொடுத்து வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். தங்களுக்கு வழிகாட்டி, சுமை தூக்கி, உயிரையும் காத்த மக்களையே சிரிப்புப் பொருளாக்கியது தவறு அல்லவா?

காங்கோ மலைகளிலிருந்து இரண்டு மனிதக்குரங்குக் குட்டிகளையும் பிடித்து வந்தார்கள். முபோங்கோ, நகாகி என்பவை அவற்றின் பெயர். 1931-ல் ஸான் டியேகோ மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்தார்கள். காட்டில் கூட்டமாகத் திரிய வேண்டியவை அவை. கம்பிக் கூண்டில் வாழ்ந்து, 1940-களில் அங்கேயே இறந்தன.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மிருகக் கூட்டங்கள் அன்று எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் படங்களே இன்று சாட்சி. சிங்கத்தைச் சுட்டுத் தோலை மாட்டுவதே பெருமை என்று எண்ணிய காலத்தில், சிங்கத்தின் அன்றாட வாழ்க்கையைப் பார்ப்பதிலும் இன்பம் உண்டு என்று மக்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள். சொர்க்க ஏரி இன்று மார்ஸபிட் தேசீயப் பூங்காவுக்குள் இருக்கிறது.

கடைசிப் பயணம்

இத்தனை காடுகளிலும் தப்பிய உயிருக்குச் சொந்த நாட்டில்தான் ஆபத்து காத்திருந்தது. 1937-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி இருவரும் சொற்பொழிவுக்காக ஒரு பயணிகள் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் கெட்ட வானிலையில் அந்த விமானம் மலையில் மோதியது. மறுநாள் மார்ட்டின் இறந்தார். வயது 52.

ஓஸாவுக்குப் பலத்த காயம். கணவரும் போனார், காலும் ஒத்துழைக்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பார். ஓஸாவோ சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார்! ஒப்புக்கொண்ட சொற்பொழிவுகளைத் தொடர்ந்தார். 1940-ல் தங்கள் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். சாகசத்தையே மணந்துகொண்டேன் என்று பொருள்படும் தலைப்பு. கதை அல்லாத நூல்களில் அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது அதுதான்.

1953-ல் நியூயார்க்கில் ஓஸா இறந்தார். அவர் பிறந்த ஷனூட் ஊரிலேயே மார்ட்டின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1961-ல் அதே ஊரில் அவர்கள் நினைவாக ஒரு காட்சிச்சாலை திறந்தார்கள்.

புதுமணப் பெண்ணாக ஓஸா விரும்பியது ஒரு வீடு. கணவர் விரும்பியது உலகம். உலகத்தையே வீடாக ஆக்கி, போன இடமெல்லாம் அடுப்பு மூட்டித் தோட்டம் போட்டார் ஓஸா. மார்ட்டின் எடுத்த படங்களில் அவருடைய கைவண்ணம் மட்டுமா இருக்கிறது? காமிராவுக்குப் பின்னால் துப்பாக்கியுடன் அசையாமல் நின்ற மனைவியின் நெஞ்சுரமும் இருக்கிறது.